பாதாமிக்கு ஒரு நாள் போதுமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ஹம்பிக்குச் செல்கிறோம். அங்கிருந்து ஒரு நாள் காரில் புறப்பட்டு, கர்நாடகத்தின் பழைய கோயில் ஊர்களான பாதாமி, பட்டடக்கல், ஐஹொளெ மூன்றையும் பார்த்துவிட்டு இரவே ஹம்பிக்குத் திரும்பிவிடலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். முழங்கால் வலியுள்ள மாமனாரும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் உடன் வருகிறார்கள். இது சரிப்படுமா?
– வாசகி, திருச்சி

பதில்: வாடகைக் கார் ஓட்டுநரைக் கேட்டால் தாராளமாகச் சரிப்படும் என்பார். ஆனால் ஹம்பிக்கும் பாதாமிக்கும் இடையே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் இருப்பதால், போகவும் வரவுமாக ஆறு மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடும். மீதமுள்ள பகல் வெளிச்சத்தில் மூன்று ஊர்களுக்கும் தலைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், அதுவும் மாமனார் காரைவிட்டு இறங்கி ஏறும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல். ஹம்பி விஜயநகரப் பேரரசின் தலைநகரம். பாதாமி அதற்கு ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகள் முந்திய சாளுக்கியர்களின் தலைநகரம். இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்தால் மனத்தில் எதுவும் தனித்து நிற்காது. எனவே பாதாமியிலேயே இரண்டு இரவுகள் தங்குங்கள் என்பதே என் யோசனை. விடுமுறை குறைவு என்றால் ஹம்பியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

முதல் நாளைப் பாதாமிக்கு ஒதுக்குங்கள். அகஸ்திய தீர்த்தம் என்னும் ஏரியின் தென்புறக் குன்றில் செம்மணற்கல்லைக் குடைந்து நான்கு குகைகள் அமைக்கப்பட்டுள்ளன. முதல் குகையின் முகப்பிலேயே பதினெட்டுக் கைகளுடன் ஆடும் நடராசர் இருக்கிறார். ஆகவே மாமனாரால் மேலே ஏற முடியாமல் போனாலும் முதன்மையான ஒன்றைப் பார்த்த நிறைவு அவருக்குக் கிடைக்கும். மூன்றாம் குகைதான் அளவில் பெரியது. சாளுக்கிய மன்னன் முதலாம் கீர்த்திவர்மனின் ஆட்சியில், அவன் தம்பி மங்களேசன் கி.பி. 578-இல் பொறித்த கல்வெட்டு அங்கே இருப்பதால், அதன் காலத்தை ஊகிக்க வேண்டிய தேவையில்லை. அனந்தன்மீது அமர்ந்த திருமால், திரிவிக்கிரமர், நரசிம்மர், ஹரிஹரர் ஆகிய பெரிய சிற்பங்களைப் பார்த்து முடித்தவுடன் திரும்பிவிடாமல், தூண்களின் மேற்புறத்தில் தாங்குபலகைகளாகச் செதுக்கப்பட்டுள்ள இணையர்களையும் அண்ணாந்து பாருங்கள். பலர் கவனிக்காமல் விடுவது அவற்றைத்தான். நான்காம் குகை சமணருடையது. பார்சுவநாதரும் பாகுபலியும் அங்கே உள்ளனர்.

படிகளில் குரங்குகளின் தொல்லை அதிகம். கையில் தின்பண்டப் பையோ தண்ணீர்ப் புட்டியோ தொங்கினால் அது உங்களுடையது அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வடபுறக் குன்றில் பாறை இடுக்குகளின் வழியே ஏறி மேல் சிவாலயத்துக்குச் செல்லும் பாதை உங்கள் மகளுக்குப் பிடிக்கும். அந்நேரத்தில் மாமனார், ஏரிக்கரையை ஒட்டிய சமதளத்தில் மெதுவாக நடந்து, கிழக்குக் கோடியில் நீருக்குள் இறங்கி நிற்பதுபோல் தோன்றும் பூதநாதர் கோயிலை அடைந்துவிடலாம். வடகுன்றின் அடிவாரத்தில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாளைத் தேர்ந்தெடுக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

இரண்டாம் நாள் வண்டி ஓட்டுநர்கள் வழக்கமாக அருகிலுள்ள பட்டடக்கல்லுக்கு முதலில் அழைத்துச் சென்று, பிறகு ஐஹொளெக்குப் போவார்கள். நீங்கள் அதை மாற்றிச் சொல்லுங்கள். காலையில் நேரே சுமார் 35 கிலோமீட்டர் சென்று ஐஹொளெயைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் பட்டடக்கல்லில் இறங்குவதே முறை. ஐஹொளெயில் நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. அவற்றில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஊர்ச் சாவடியைப்போன்ற தட்டைக் கூரையுடைய லாட்கான் கோயிலும், பின்புறம் யானையின் முதுகாக வளைந்த துர்க்கா கோயிலும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. கட்டியவர்கள் எல்லா வடிவங்களையும் முயன்று பார்த்த இடம் அது. அந்த முயற்சிகளைப் பார்த்த கண்ணோடு பட்டடக்கல்லுக்கு வந்தால், வடநாட்டு நாகர விமானமும் தென்னாட்டுத் திராவிட விமானமும் அடுத்தடுத்து நிற்பதன் பொருள் விளங்கும். பட்டடக்கல் 1987 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். வளாகம் சமதளமாகவும் புல்வெளியாகவும் இருப்பதால் முதியோருக்கு மிகவும் ஏற்றது. வெயில் தாழ்ந்தபின் பாதாமிக்குத் திரும்பும்போது, சற்றே விலகி மகாகூடத்தில் ஊற்றுநீர்க் குளத்தருகே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

கேள்வி: நரசிம்ம பல்லவர் வாதாபியை வென்றார் என்று பள்ளியில் படித்தோம். அதற்கான அடையாளம் ஏதேனும் இன்று அங்கே உள்ளதா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: வாதாபியே இன்றைய பாதாமி. 642 அளவில் அதைக் கைப்பற்றிய முதலாம் நரசிம்மவர்மன் அங்குள்ள பாறையில் வெட்டுவித்த கல்வெட்டு சிதைந்த நிலையில் எஞ்சியிருக்கிறது. எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தையும் நீங்கள் படிக்கலாம்: ஐஹொளெயின் மேகுடி சமணக் கோயிலில் 634-இல் புலவர் ரவிகீர்த்தி பாடிய கல்வெட்டு, சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ வேந்தனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கச் செய்ததாகப் புகழ்கிறது. அப்புகழ் பொறிக்கப்பட்ட எட்டாவது ஆண்டிலேயே நிலைமை தலைகீழானது.

ஆனால் காஞ்சிபுரத்துக்காரரான நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது பட்டடக்கல்லின் விரூபாட்சர் கோயில். பின்வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக, அவன் அரசி லோகமகாதேவி 740-ஐ ஒட்டி அதை எழுப்பினாள். காஞ்சியை மூன்று முறை வென்றவன் என்றே அங்குள்ள கல்வெட்டு அவனைக் குறிக்கிறது. அப்படி வென்றவன் உங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலைக் கொள்ளையிடவில்லை. அதன் செல்வத்தைக் கண்டு வியந்து கோயிலுக்கே திருப்பியளித்ததாகக் கன்னடத்தில் எழுதிய கல்வெட்டு கைலாசநாதர் கோயில் தூணிலேயே இருக்கிறது. எனவே புறப்படுவதற்கு முன் ஒரு காலை வேளையில் கைலாசநாதர் கோயிலை நிதானமாகச் சுற்றிவிட்டுச் செல்லுங்கள். விரூபாட்சர் கோயிலின் விமானத்திலும் சுற்றுமதிலிலும் காஞ்சியின் சாயலை உங்கள் கண்ணே பிடித்துவிடும். அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது என்பதால் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். நண்பகலில் கல்தளம் சுடும்.

கேள்வி: ரயில் வசதி, தங்குமிடம், சைவ உணவு ஆகியவை பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெங்களூரிலிருந்து கதக் வழியாக விஜயபுரா செல்லும் இரவு ரயில்கள் பாதாமியில் நிற்கின்றன. நிலையம் ஊருக்கு வெளியே சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் ஆட்டோ தேவைப்படும். ஹூப்ளி வரை ரயிலிலோ விமானத்திலோ வந்தால், அங்கிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் சேரலாம். கர்நாடக சுற்றுலாக் கழகத்தின் மயூரா சாளுக்கியா விடுதியும் தனியார் விடுதிகளும் உள்ளன. ஐஹொளெயிலோ பட்டடக்கல்லிலோ தங்குவதற்குத் திட்டமிட வேண்டாம்.

சைவ உணவுக்குக் கவலையே இல்லை. சோள ரொட்டி, கத்தரிக்காய் எண்ணெகாயி, நிலக்கடலைப் பொடி, தயிர் என்பது அவ்வட்டாரத்தின் அன்றாடச் சாப்பாடு. பாதாமியிலிருந்து 5 கிலோமீட்டரில் உள்ள பனசங்கரி அம்மன் கோயில் வாசலில், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைப் பெண்கள் விற்பார்கள். விடுதிச் சாப்பாட்டைவிட அது மேல். அக்கோயிலின் தேர்த்திருவிழா நம் தைப்பூசத்தை ஒட்டிய பௌர்ணமியில் தொடங்குகிறது. திருவிழாக் கூட்டத்தைப் பார்க்கும் விருப்பம் இல்லையென்றால் அந்நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பார்க்க விரும்பினால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.