இறக்குமதியான சண்டையா?

கேள்வி: ஆப்பிரிக்க நாடகங்களில் கணவனை எதிர்த்து நிற்கும் மனைவிகள் மேற்கத்தியப் பெண்ணியத்தின் இறக்குமதிதானே? பாரம்பரியக் குடும்பங்களில் இந்தச் சமத்துவச் சண்டை ஏது?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அப்படியில்லை. கானாவின் அமா ஆட்டா அய்டூ எழுதி 1970இல் வெளியான 'அனோவா' நாடகத்தைப் பாருங்கள். கதை நடப்பது 1870களில், இன்றைய கானாவான அன்றைய கோல்டு கோஸ்ட்டில். அனோவா கிராமத்துப் பெண். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு, தனக்குப் பிடித்த கோஃபி ஆக்கோவோடு கிளம்பிவிடுகிறாள். இருவரும் விற்பதற்கான விலங்குத் தோல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு, கொட்டும் மழையிலும் கடற்கரைக்கு நடக்கிறார்கள். பாரமும் லாபமும் இருவருக்கும்தான்.

காசு சேர்ந்ததும் அவன் அடிமைகளை வாங்கப் பார்க்கிறான். மனிதரை விலைக்கு வாங்குவது பாவம் என்று அவள் தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை. அப்புறம் அவளுக்கு அங்கே வேலையே இல்லை. பணக்காரன் மனைவியாகச் சும்மா இரு என்கிறான், அவளால் முடியவில்லை.

அவள் புதிதாக எந்த உரிமையையும் கேட்கவில்லை ஐயா. கையில் இருந்ததை அவன்தான் பிடுங்கினான். வெளியிலிருந்து வந்தது எது என்று கேட்டால், வெள்ளையரோடு நடந்த கடற்கரை வியாபாரத்தையும் அதில் கொழித்த பணத்தையும்தான் நான் சொல்வேன். அனோவாவின் இனமான அக்கான் மக்களிடம் பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். சந்தை வியாபாரத்திலும் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்ட ஊரில் உழைத்துப் பழகியவளை உட்கார வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

குழந்தை இல்லாத பழியும் அவள் தலையில்தான் விழுகிறது. கடைசியில், ஆண்மையை இழந்தது அவன்தான் என்பதை எல்லார் காதிலும் விழச் சொல்லிவிடுகிறாள். அவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான்; அவள் நீரில் மூழ்கிச் சாகிறாள். அவள் வாயை அடக்கியிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

பாரம்பரியம் என்றாலே இதம் என்றும் நினைக்க வேண்டாம். நைஜீரியாவின் ஜூலு சொஃபோலாவின் நாடகம் ஒன்றில், உடன்பிறந்தவனின் வைத்தியச் செலவுக்காக, மாப்பிள்ளை வீட்டார் தரும் பரிசப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணை வேண்டாதவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் மேற்கத்திய மனைவி 1964இல் மேடையேறிய அய்டூவின் முதல் நாடகத்தில் இருக்கிறாள். யூலாலி, அமெரிக்கக் கறுப்பினப் பெண். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டது தம்பதி சேர்ந்து எடுத்த முடிவு. கானாக்காரனான படித்த கணவன் அதைத் தன் வீட்டாரிடம் மறைத்து, அவளை மலடி என்று பேசவிடுகிறான். கடைசியில் கையும் நீட்டுகிறான். உண்மை தெரிந்ததும் மாமியார் எஸி கோம் மகனைத்தான் கண்டிக்கிறாள். மருமகளைத் தன்னோடு வீட்டுக்குள் அழைத்துப் போகிறாள். அந்த மாமியார் எந்த மேற்கத்தியப் பள்ளியிலும் பெண்ணியம் படித்தவள் அல்ல.