டாக்சோபிளாஸ்மா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி செல்லுக்குள் போனபிறகும் செல் ஏன் அதைச் செரித்துவிடுவதில்லை?

ஒரு செல் வெளியிலிருந்து எதையாவது விழுங்கினால், பொதுவாக அதைச் சவ்வுப் பையில் அடைத்து செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமோடு இணைத்துக் கரைத்துவிடும். டாக்சோபிளாஸ்மா விழுங்கப்படும்வரை காத்திருப்பதில்லை, தானே நுழைகிறது. விடை இங்கேதான் இருக்கிறது.

முதலில் ஆர்.ஓ.என்.2 என்ற தன் சொந்தப் புரதத்தைச் செல்லின் சவ்வில் செருகுகிறது. அப்புறம் தன் மேற்பரப்பிலுள்ள ஏ.எம்.ஏ.1 புரதத்தால் அதையே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூட்டும் அதனுடையது, சாவியும் அதனுடையது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இது. பற்றிய இடத்தில் உருவாகும் வளையத்தின் வழியே உடலை நெருக்கிக்கொண்டு சுமார் அரை நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. சவ்வு கிழிவதில்லை, உள்மடிந்து ஒட்டுண்ணியைச் சுற்றிப் பையாகிறது. அந்த வளையம் சல்லடை மாதிரி, செல்லின் சவ்வுப் புரதங்கள் பலவற்றை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. இப்படி உருவான பையோடு லைசோசோம் இணைவதில்லை.

சரி, சாப்பாடு? பையின் சவ்விலுள்ள நுண்துளைகள் வழியே சிறு மூலக்கூறுகள் உள்ளே வருகின்றன.

செல்லும் சும்மா இருப்பதில்லை. எலியின் செல்களுக்கு இன்டர்ஃபெரான் காமா என்ற நோயெதிர்ப்புச் சமிக்ஞை கிடைத்தால், ஐ.ஆர்.ஜி. என்ற புரதங்கள் பையைச் சூழ்ந்து கிழிக்கின்றன. வீரியமுள்ள ஒட்டுண்ணி வகைகள் ஆர்.ஓ.பி.18 என்ற நொதியால் அவற்றின்மேல் பாஸ்பேட்டை ஏற்றிச் செயலிழக்கச் செய்கின்றன. எதிர்ப்பு வலுத்தால் ஒட்டுண்ணி மெதுவாக வளரும் வடிவத்துக்கு மாறி, மூளையிலும் தசையிலும் உறைக்குள் அடைந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.