மூன்று ஊசி போட்டால் ஆசனவாய்ப் புற்றுநோய் வராதா?

கேள்வி: எனக்கு 41 வயது. எச்.ஐ.வி.க்கு ஏழு வருடமாக ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். வைரல் லோடு (இரத்தத்தில் வைரஸின் அளவு) கட்டுக்குள் இருக்கிறது. ஆண்களோடு உறவு உண்டு. எச்.பி.வி. (உடலுறவில் தொற்றும் ஒரு வைரஸ்) தடுப்பூசி மூன்று டோஸ் போட்டால் ஆசனவாய்ப் புற்றுநோய் வரவே வராது, 35,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கடன் வாங்கிப் போடலாமா? மூலத்தால் அவ்வப்போது இரத்தமும் வருகிறது.

பதில்: கடன் வாங்காதீர்கள். எனக்குக் கவலை தருவது உங்கள் கடைசி வரிதான்.

உங்கள் பயம் நியாயமானது. பொதுவாக வருடத்துக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் இந்த நோய், உங்களைப் போன்றவர்களில் லட்சத்துக்கு எண்பதுக்கு மேல் வருகிறது என்கின்றன பல நாட்டுக் கணக்குகள். பெரும்பாலும் எச்.பி.வி. 16ஆம் வகையின் வேலை. தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் ஆபத்தில்லை. ஆனால் அது புதிதாகத் தொற்றுவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே குடியேறிய வைரஸை விரட்டாது. எச்.ஐ.வி. உள்ள, 27 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வை, ஆசனவாயில் பலன் தெரியவில்லை என்று நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

26 வயது வரை உள்ளவர்கள் விஷயம் வேறு. இதைப் படிக்கும் தம்பிகள் யாராவது இருந்தால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். உறவு தொடங்கிவிட்டாலும் போடலாம், எச்.பி.வி.யால் மரு வந்திருந்தாலும் போடலாம். ஒரு வகை தொற்றியிருந்தால் மற்ற வகைகளிடமிருந்தாவது காப்பாற்றும். 'ஒரே டோஸ் போதும்' என்ற செய்தி எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கானதல்ல. முதல் ஊசி, இரண்டாம் மாதம், ஆறாம் மாதம் என மூன்றும் வேண்டும். நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக் 9 முதல் 26 வயது வரை ஆண்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. வெளிநாட்டு ஊசியைவிட விலை மிகக் குறைவு.

யாராக இருந்தாலும், வாட்ஸ்அப்பில் 'பேக்கேஜ்' விற்பவரிடம் வாங்காதீர்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. சட்டைப் பையில் வந்த ஊசி என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உடையாத சீல், பேட்ச் எண், பில் மூன்றும் இல்லாமல் கையை நீட்டாதீர்கள். இரத்தத்தில் எச்.பி.வி. பார்க்கிறோம் என்று சொல்லும் டெஸ்ட்டும் வீண் செலவு.

சரி, அந்த இரத்தத்துக்கு வருவோம். மூலம் என்று யார் சொன்னது? விரல் விட்டுப் பார்த்தார்களா? பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்' என்று போஸ்டர். அங்கே போய்ப் புண்ணில் அரிக்கும் கார மருந்து வைத்துக்கொண்டு, நோய் பரவித் தொடை இடுக்கில் கட்டி வீங்கிய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மூலம் என்ற பெயருக்குள் புற்றுநோய் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

உங்களுக்கு இப்போது வேண்டியது அறுவைச் சிகிச்சை மருத்துவரின் விரல் பரிசோதனை. முழங்காலை மடக்கி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். கையுறையில் ஜெல்லி தடவி, உள்ளே சுற்றுமுழுக்கத் தடவிப் பார்ப்பார். கெட்டியான இடம், புண், கட்டி இருக்கிறதா என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதை ஏ.ஆர்.டி. மையத்தில் வருடத்துக்கு ஒருமுறை செய்தால் என்ன? எடை பார்க்கிறார்கள், இருமல் இருக்கிறதா என்று கேட்கிறார்கள், மாத்திரையை எண்ணுகிறார்கள், அடுத்த தேதி போடுகிறார்கள். ஆசனவாயைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. புற்றுக்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுபிடித்து அகற்றினால் நோய் பாதிக்கு மேல் குறையும் என்று 4,400க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதற்கு ஆசனவாயின் உட்புறத்தை உருப்பெருக்கியால் பார்க்கும் பரிசோதனையோ இங்கே மிக அரிது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

மருத்துவரிடம் எச்.ஐ.வி. இருப்பதையும் ஆண்களோடு உறவு உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். எச்.ஐ.வி.யைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கெட்டியாக எதுவும் தட்டுப்பட்டால் களிம்போடு திரும்பாதீர்கள், சதைப் பரிசோதனை (பயாப்சி) கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் அடுத்த வருடம் இதே பரிசோதனைக்குப் போங்கள்.