நம்ம ஆளிடம் கணக்குக் கேட்பது

அன்புள்ள ஐயா,

எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்கு வருவேன். போன வாரம் டீக்கடையில் ஒரு பெரியவர், "எல்லாரும் திருடனுங்கதான். நம்ம ஆளு திருடினா நமக்காவது நாலு காரியம் நடக்கும்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. சாதியைச் சொல்லி உசுப்பேற்றுகிறவர், ஓட்டுக்கு முந்தின ராத்திரி கவர் கொடுக்கிறவர், மேடையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர் என்று இத்தனை பேரிடமிருந்தும் ஜனநாயகத்தை எங்களைப் போன்றவர்கள் எப்படிக் காப்பாற்றுவது? ஓட்டைத் தவிர எங்கள் கையில் என்ன இருக்கிறது? ஒதுங்கி இருப்பதே மேல் என்றுகூடத் தோன்றுகிறது.

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

நீங்கள் பட்டியல் போட்ட தலைவர்களைவிட அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தைதான் என்னைப் பயமுறுத்துகிறது. சுயநலக்காரருக்கு நம் ஓட்டு மட்டும் போதாது. "இவரை விட்டால் நமக்கு நாதியில்லை" என்ற நினைப்பு நம் மனசில் ஊற வேண்டும். அது ஊறிவிட்டால் அவர் செய்கிற தப்புக்கெல்லாம் நாமே வக்கீலாகிவிடுவோம். எதிர்க்கட்சிக்காரர் கேட்கும் கேள்வியை அவர் ஊதித் தள்ளிவிடுவார். தனக்கு ஓட்டுப் போட்டவன் எழுந்து நின்று கேட்டால் அப்படித் தள்ள முடியாது. ஆகவே நம்ம ஆளிடம்தான் முதலில் கணக்குக் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்துக்கு என் பதில் இதுதான்.

கேட்காமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதைத் தருமபுரி மண் பார்த்திருக்கிறது. 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்த அன்று, இலக்கியம்பட்டியில் அவர் கட்சிக்காரர்கள் ஒரு பேருந்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றுலா வந்த மாணவிகள். மூன்று பேர் கருகிச் செத்தார்கள். வைத்தவர்களுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் என்ன பகை? தங்கள் தலைவியை ஒரு நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். தீ வைத்தவர்களில் மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது, 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2016இல் அது ஆயுளாகக் குறைந்தது. 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி, அதே கட்சியின் ஆட்சியில் வெளியே வந்தார்கள். தூக்கு வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விடுதலையை இன்றுவரை என் மனசு ஏற்கவில்லை.

அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் வழி என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். இலக்கியம்பட்டி வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் வரும்.

சாதியைச் சொல்லி உசுப்பேற்றுவது பற்றி எழுதியிருந்தீர்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. ஒரு காதல் திருமணம் காரணமாகச் சொல்லப்பட்டது. கலப்பு மணத்துக்கு எதிராக மேடை போட்டுப் பேசியது அதற்குப் பல மாதம் முன்பே நடந்துவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்டுக் கை தட்டியவர்களில் ஒருவராவது "இது தப்புங்க" என்று எழுந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

கவர் விஷயத்தில் வாங்கினவர்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. கொடுக்கிறவர் நம் வாயையும் சேர்த்துத்தான் விலைக்கு வாங்குகிறார். "காசு வாங்கிட்டுத்தானே போட்ட" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாம் அடங்கிவிடுகிறோம். அடங்க வேண்டியதில்லை. வாங்கினது தப்புதான். அதற்காக ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை போய்விடாது. இதை உங்கள் தெருவில் சொல்லுங்கள்.

ஓட்டைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை. பல ஊர்களில் அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். வராதவர்கள் வீட்டுக்கு நோட்டு போகும், கையெழுத்து வாங்கிவரும். வரவு செலவை யாருக்கும் புரியாத வேகத்தில் ஒருவர் படிப்பார். மோட்டார் ரிப்பேர், தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர். "எந்த மோட்டார், எந்த மாசம், யார் சரி பண்ணினது?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டால் போதும், படிக்கிறவர் நிறுத்திவிட்டுத் தாளைப் புரட்டுவார். தண்ணீர் வராத மாதம் எது என்று குடம் தூக்கினவளுக்குத் தெரியும் அல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் நம் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. நடந்தது 2019 டிசம்பரில். மூன்று வருஷத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 2025 ஜனவரியில் மறுபடியும் அதே கதை. எந்தத் தலைவரும் மேடையில் முழங்கி இதைப் பறிக்கவில்லை, நாமும் சத்தம் போடவில்லை. ஜனநாயகம் போவது இப்படித்தான் என்று நினைக்கிறேன். இலக்கியம்பட்டி போல நெருப்பும் புகையுமாகப் போனால் கண்ணுக்காவது தெரியும்.

ஒதுங்கலாமா என்ற கேள்விக்கு அரூர் பக்கம் வாச்சாத்தியைச் சொல்வேன். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். வழக்கு முடிவதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். இடையில் ஆட்சி மாறி மாறி வந்தது. எந்த ஆட்சி வந்தாலும் அந்தப் பெண்கள் விடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்றன. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒதுங்கியிருக்க அவர்களைவிட யாருக்குக் காரணம் அதிகம்?

அடுத்த கிராம சபைக்கு லீவு போட்டு வாருங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு செலவைத் தேர்ந்தெடுத்து, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சிக்கு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், எதிர்க்கட்சி ஆள் என்று முத்திரை குத்திவிடுவார்கள். உங்கள் சாதி இல்லாத ஒருவர், போன தேர்தலில் ஜெயித்த ஊராட்சித் தலைவருக்கு ஓட்டுப் போட்ட ஒருவர், இந்த இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் அந்த டீக்கடைப் பெரியவரையே கேட்டுப் பாருங்கள்.