பகுதிநேரத் தீயணைப்பு வீரராகச் சேர முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தின் வாசலில் 'பகுதிநேர வீரர்கள் தேவை' என்று பலகை வைத்திருக்கிறார்கள். சேர ஆசையாக இருக்கிறது. விசாரித்தபோது ஒரு பயிற்சி மையத்துக்காரர், அடிப்படைத் தீயணைப்புச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள், எங்களிடம் ஆறு நாள் படித்தால் நேராக நேர்முகம்தான் என்று சொல்லிப் பணம் கட்டச் சொல்கிறார். வீட்டிலிருந்து நிலையத்துக்குக் காரில் 12 நிமிடம் ஆகும், அலுவலகத்திலிருந்து 3 நிமிடம்தான். கண்ணாடி வேறு போடுகிறேன். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் அந்த ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.

பகுதிநேர வீரர்களை வைத்து ஓடும் தீயணைப்பு அமைப்புகளில் பெரும்பாலும் முறை ஒன்றுதான். முதலில் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள், அதன் பிறகு அவர்களே, அவர்கள் செலவில், அவர்கள் மைதானத்தில் பயிற்சி கொடுப்பார்கள். வெளியில் ஆறு நாளில் வாங்கிய காகிதத்தை நம்பி யாரும் உங்களைப் புகைக்குள் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. ஏனென்றால் உள்ளே போவது எப்போதும் இரண்டு பேராகத்தான். கண்ணுக்கு எதிரே கையை நீட்டினால் கை தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு, ஹோஸைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிறவரின் பூட்ஸ் உங்கள் கையில் தட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்தில் உங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது உங்களோடு வருகிறவருக்குத் தெரிந்திருந்தாக வேண்டும். அதனால்தான் வேறோர் அமைப்பில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவரைக்கூட மறுபடி ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்கள்.

அப்படியானால் அந்த ஆறு நாள் பாடத்தில் என்னதான் இருக்கும்? நான் பார்த்தவரை, அலுவலகங்களில் தீப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்குக் கொடுக்கும் பயிற்சியைத்தான் வேறு பெயரில் விற்கிறார்கள். தீயின் வகைகள், எந்தத் தீக்கு எந்தச் சிலிண்டர், ஆட்களை எப்படி வெளியேற்றுவது, கடைசி நாளில் ஒரு தகரத்தட்டில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி அணைக்கவிட்டு ஒரு போட்டோ. அலுவலகத்துக்கு அது நல்ல பயிற்சிதான், நான் குறை சொல்லவில்லை. அதைத் தீயணைப்பு வேலைக்கு நுழைவுச்சீட்டு என்று சொல்லி விற்பதுதான் மோசடி. இதே ஆட்கள்தான் அடுத்து 'உடற்தகுதித் தேர்வுக்குத் தனி வகுப்பு' என்பார்கள், 'பூட்ஸ், ஹெல்மெட் எங்களிடம் வாங்கினால் சலுகை' என்பார்கள். உடையும் ஹெல்மெட்டும் மூச்சுக் கருவியும் அமைப்பு கொடுப்பது. முகமூடி உங்கள் முகத்தில் காற்றுப் புகாமல் உட்காருகிறதா என்று அவர்களே அளந்து பார்ப்பார்கள். 'உள்ளே எனக்கு ஆள் இருக்கிறார்' என்று ஒருவர் சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்கு உங்களிடமிருந்து வேண்டியது உங்கள் நேரம். அதை விலைக்கு வாங்கித் தர எந்த மையத்தாலும் முடியாது. பலகை வைத்து ஆள் தேடுகிறார்கள் என்றால் வண்டி இருக்கிறது, ஏறுவதற்கு ஆள் இல்லை என்று அர்த்தம். நான் பகுதிநேர வீரராக இருந்தபோது ஒரு வார நாள், காலை பதினொரு மணி இருக்கும். பேஜர் (அழைப்பு வந்தால் ஒலிக்கும் கையடக்கக் கருவி) அடித்து ஓடிவந்தோம். மூன்று பேர் உடை மாட்டி, வண்டியில் ஏறி, இஞ்சினையும் போட்டுவிட்டோம். எங்கள் விதிப்படி நாலு பேர் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஷட்டர் திறந்திருக்கிறது, ரோடு காலியாக இருக்கிறது, இரண்டு கிலோமீட்டரில் ஒரு வீட்டுச் சமையலறை எரிகிறது, மூன்று பேரும் நாலாவது ஆளின் கார் வருகிறதா என்று கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. பக்கத்து நிலையத்திலிருந்து வண்டி வந்து சேர்ந்தபோது, சமையலறையோடு நின்றிருக்க வேண்டிய தீ கூரைக்குப் போயிருந்தது. இன்றைய வீடுகளில் சோபா, மெத்தை, திரைச்சீலை என்று பாதிக்கு மேல் பிளாஸ்டிக்கும் நுரையும்தான். ஒரு அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் நிலைக்குச் சில நிமிடங்களிலேயே போய்விடும். அந்தக் காலி இருக்கைக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

இப்போது உங்கள் தூரப் பிரச்சினைக்கு வருகிறேன். நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள், ஆனால் உங்கள் விஷயத்தில் முடிவு செய்யப்போவது அதுதான். பேஜர் அடித்ததிலிருந்து நிலையத்துக்கு வந்து சேர இவ்வளவு நிமிடம்தான் என்று ஒரு வரம்பு இருக்கும். பிரிட்டனில் பெரும்பாலான இடங்களில் ஐந்து நிமிடத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் கொஞ்சம் தளர்த்துகிறார்கள். இதைப் படித்ததும் பலர், வீடு 12 நிமிடத்தில் இருக்கிறது, நமக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த வரம்பு, நீங்கள் கூப்பிட்டால் வருவதாக ஒப்புக்கொண்ட நேரத்தில் எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கானது. பகலில் மூன்று நிமிடத் தொலைவில் வேலை செய்கிறவர் பகல் நேரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளலாம் என்று பல இடங்களில் விதியே இருக்கிறது. இரவில் உங்களைக் கூப்பிடவே மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் பகல் ஆள்தான் கிடைப்பதில்லை. இரவில் ஊர்க்காரர்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், பகலில் பாதிப் பேர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். நான் சொன்ன அந்தப் பதினொரு மணி எங்கள் நிலையத்தில் அடிக்கடி வந்தது. அப்படியிருக்க, எங்கள் அமைப்பின் விண்ணப்பப் படிவத்தில் வீட்டு முகவரியை மட்டும் கேட்டு, தூரத்தைக் கணினியே கணக்குப் போட்டு, 'நீங்கள் தகுதி எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்' என்று ஒரு வரிப் பதிலை அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் நிலையத்துக்கு எதிரிலேயே வேலை செய்த ஒருவரை இப்படி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒரு பக்கம் ஆள் இல்லை என்று பலகை, இன்னொரு பக்கம் வருகிற ஆளை விரட்டும் படிவம்! வருடக்கணக்காக எழுதிக்கொடுத்தும் அந்தப் படிவத்தில் 'வேலை செய்யும் இடம்' என்று ஒரு கட்டம் சேர்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அதனால் நீங்கள் படிவத்தை நம்பாமல் முதலில் நிலையத்துக்கே போய்ப் பொறுப்பாளரிடம் பேசுங்கள்.

பேசுவதற்கு முன்னால் அந்த மூன்று நிமிடத்தை நிஜமாக அளந்துவிடுங்கள். காரில் உட்கார்ந்ததிலிருந்து அளந்தால் போதாது. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பேஜர் அடிக்கிறது. கோப்பைச் சேமித்து, மாடி இறங்கி, வாகனத்தை வெளியே எடுத்து, சிக்னலில் நின்று, நிலையத்துக் கதவைத் தொடும்வரை ஸ்டாப்வாட்ச் ஓட வேண்டும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, பள்ளி விடுகிற நேரத்தில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை. மூன்று என்று நினைப்பது ஆறு ஆகலாம், அப்போது நடந்தே போனால் சீக்கிரமா என்றும் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போவீர்களா, வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்தே வேலை, விடுமுறை நாட்களில் என்ன ஏற்பாடு, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நிலையத்துக்கு வரும் வழியில் உங்கள் சொந்தக் கார் தீயணைப்பு வண்டி ஆகிவிடாது. பெரும்பாலான இடங்களில் உங்களுக்கும் அதே வேக வரம்பு, அதே சிக்னல்தான். சிவப்பில் பாய்ந்து வந்து விபத்தில் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு இரண்டு வண்டி தேவைப்படும்.

அடுத்தது உங்கள் முதலாளி. பகல் நேரத்துக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால் பாதி முடிவு அவர் கையில். ஜெர்மனியில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். அழைப்பு வந்தால் சம்பளம் பிடிக்காமல் அனுப்ப வேண்டும் என்று அங்கே மாநிலச் சட்டங்களே சொல்கின்றன, தனியார் முதலாளி அந்தத் தொகையை உள்ளாட்சியிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பிரிட்டனில் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை, அவர் மனம் வைத்தால்தான் உண்டு. உங்கள் நாட்டில் எப்படி என்று நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, எப்படி இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள். 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்ற ஒரு வரிக் கடிதம் உதவாது. முன்னறிவிப்பு இல்லாமல் எழுந்து போவேன், திரும்ப ஒரு மணி நேரமும் ஆகலாம் ஐந்து மணி நேரமும் ஆகலாம், அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா, விடுப்பில் கழிப்பீர்களா, மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் நான் பேஜரை அணைத்து வைத்தால் சரியா, இத்தனையும் அதில் இருக்க வேண்டும். முதல் மாதம் எல்லாரும் கைதட்டுவார்கள். ஆறாவது மாதம் நீங்கள் பாதியில் விட்டுப்போன வேலையை முடித்த சக ஊழியரின் முகத்தைப் பார்க்கும்போதுதான் அந்தக் கடிதத்தின் அருமை தெரியும்.

பணம் என்று பார்த்தால், சில நாடுகளில் வருடத்துக்கு ஒரு தொகையும் ஒவ்வொரு அழைப்புக்கும் மணிக்கணக்கில் ஊதியமும் உண்டு, சில நாடுகளில் முழுக்கத் தன்னார்வம்தான். இதை நம்பி இருக்கிற வேலையை விட வேண்டாம். காயம் பட்டால் யார் பொறுப்பு என்பதை மட்டும் கேட்காமல் விடாதீர்கள். உங்கள் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியப்படுத்துங்கள்.

கண்ணாடி பெரும்பாலும் ஒரு தடை இல்லை. முகமூடிக்குள் பொருத்துகிற தனி ஃபிரேம் இருக்கிறது, உங்கள் பவருக்குச் செய்து தருவார்கள். கண்ணாடியின் காம்பு முகமூடியின் விளிம்பில் இடைவெளி விடும் என்பதால்தான் சாதாரணக் கண்ணாடியை விட மாட்டார்கள். அதே காரணத்துக்காகத் தாடியும் ஆகாது, இரண்டு நாள் முள்தாடிகூட விளிம்பில் புகையை உள்ளே விடும். நிறம் பிரித்துப் பார்ப்பதையும் சோதிப்பார்கள். 36 வயதும் பெரும்பாலான இடங்களில் ஒரு பொருட்டு இல்லை.

உடற்தகுதிக்கு வகுப்பு வேண்டாம், படிக்கட்டு போதும். தேர்வில் என்ன கேட்பார்கள் என்பது ஒளிவுமறைவு இல்லாத விஷயம். பிரிட்டனில் 55 கிலோ பொம்மையைப் பின்பக்கமாக நடந்து இழுக்கச் சொல்வார்கள், ஏணி ஏறச் சொல்வார்கள், முகமூடியின் கண்ணை மறைத்து ஒரு குறுகலான இடத்துக்குள் ஊர்ந்து வரச் சொல்வார்கள். வட அமெரிக்காவில் பரவலாக வைக்கும் தேர்வில் சுமார் 23 கிலோ எடையுள்ள அங்கியை மாட்டிக்கொண்டு எட்டு வேலைகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும். முதுகுப்பையில் அரிசியோ புத்தகமோ போட்டுக்கொண்டு வாரம் மூன்று நாள் மாடிப்படி ஏறுங்கள், மெதுவாக எடையைக் கூட்டுங்கள். தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் வீரர்களில் பெரும்பங்கு நெருப்பில் சாவதில்லை, மாரடைப்பில்தான் போகிறார்கள். நாற்காலி வேலை செய்கிறவர் உறக்கத்திலிருந்தோ கணக்குப் புத்தகத்திலிருந்தோ எழுந்து ஒரேயடியாக உச்சத்துக்கு ஓடுவது இதயத்துக்குச் சாதாரண விஷயம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கும் பணி என்று உறுதியாக வகைப்படுத்தியது. என் காலத்தில் கரி படிந்த உடையைப் பெருமையாக நினைத்தோம், அப்படியே காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம், பிள்ளைகள் அந்த சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. தீ முடிந்ததும் உடையை அங்கேயே கழுவுகிறார்களா, மாற்று உடை இருக்கிறதா, அழுக்கு உடை இருக்கும் இடமும் சாப்பிடும் இடமும் தனித்தனியா என்று போன முதல் நாளே கண்ணால் பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள்.

விண்ணப்பித்த பிறகு பொறுமை வேண்டும். மருத்துவ அறிக்கை ஒரு மேசையில், பின்னணிச் சரிபார்ப்பு இன்னொரு மேசையில் என்று மாதக்கணக்கில் கிடக்கும். அந்தக் காத்திருப்பில் மனம் தளரும்போதுதான் இந்தப் பயிற்சி மையத்துக்காரர் மறுபடி போன் செய்வார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே நிலையத்துக்குப் போன் போட்டு என் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், தயங்காதீர்கள்.

பகுதிநேர நிலையங்களில் வாரத்தில் ஒரு மாலை டிரில் இருக்கும், இரண்டு மூன்று மணி நேரம் போகும். அது எந்தக் கிழமை என்று பலகையிலேயே எழுதியிருக்கலாம், இல்லாவிட்டால் போனில் கேளுங்கள். அந்த மாலை போய் ஓரமாக நின்று பாருங்கள், வீட்டில் இருப்பவரையும் கூட்டிப்போங்கள். முடிந்ததும் பொறுப்பாளரிடம், 'பகல் நேரத்துக்கு மட்டும் வருகிறேன், அலுவலகம் இந்தத் தெருவில்' என்று முதல் வரியிலேயே சொல்லி, ஸ்டாப்வாட்ச் கணக்கு எழுதிய தாளைக் கையில் கொடுங்கள்.