கேரக்டர் எப்படி?

கேள்வி: காமெடி நடிகர்கள் ஒரு கேரக்டரை எப்படி உருவாக்குகிறார்கள்? வெளியே போனால் சனங்கள் அந்தக் கேரக்டராகவே பார்ப்பது சங்கடமாக இருக்காதா? (ஒரு வாசகர், பாலக்கோடு)

பதில்: ஒரே கேள்வியில் இரண்டு 'கேரக்டர்' போட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கும் நடிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. 'பையன் கேரக்டர் எப்படி?' என்றால் குடிக்கிறானா, சீட்டாடுகிறானா, வாங்கின கடனைத் திருப்பித் தருவானா என்று அர்த்தம். பத்தாவது முடித்தபோது என் டி.சி.யில் கேரக்டருக்கு நேராக 'குட்' என்று எழுதினார்கள். என் பெஞ்சில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் அதே 'குட்'. அதில் ஒருவன் இந்தப் பத்திரிகைக்கு மூன்று வருஷச் சந்தா பாக்கி. (படித்துக்கொண்டுதான் இருப்பான்.)

ஒட்டின பெயர் லேசில் போகாது. கிருஷ்ணகிரி மண்ணில் காய்த்து, இங்கேயே கூழாகி டப்பாவில் அடைபடுகிற மாங்காய்க்குப் பெயர் பெங்களூரா! கிளிமூக்கு என்று அழகான பெயர் இருக்கிறதே என்று இதே பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். 'உமக்கு மாங்காயைப் பற்றி என்ன தெரியும்?' என்று ஓசூரிலிருந்து ஒருவர் ஒவ்வொரு தடவையும் கார்டு போடுகிறார். இந்த வாரமும் போடுவார்.

சரி, காமெடி. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1944இல் கொலை வழக்கில் கைதாகி, 1947இல் விடுதலையாகி வந்தார். சனங்கள் மறுபடியும் சிரித்தார்கள். அதே வழக்கில் உள்ளே போய் வந்த தியாகராஜ பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவில்லை. ராஜா வேஷத்தில் பார்த்தவரை ஜெயில் உடுப்பில் நினைத்துப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது. அதற்காக ராஜா வேஷத்தை லேசாக எடைபோட வேண்டாம்.

பென்னாகரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கட்டியங்காரர். தெருக்கூத்தில் முதலில் வந்து, ராஜாவைக் கூப்பிடுகிற சாக்கில் ராஜாவையே கிண்டலடிக்கிற ஆள். அவர் எதையும் உருவாக்கியதில்லை, ஊரிலிருந்து எடுத்துக்கொள்வார். துரியோதனன் வாசலில் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, வாய் திறக்குமுன் இரண்டு தடவை செருமுவார். அது ஊர்ப் பெரியவர் ஒருவரின் செருமல். அந்தப் பெரியவரே முன்னால் உட்கார்ந்து, 'அச்சு அசல் நம்ம பங்காளிதான்டா' என்று சிரித்து, நூறு ரூபாயைச் சட்டையில் குத்திவிட்டுப் போனார்.

அப்புறம் கட்டியங்காரர் பெண்ணுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கூத்தில் இவர் குடிகாரனாகத் தள்ளாடினதைப் பார்த்தவர். 'பொண்ணு தங்கம். அப்பன் கேரக்டர்தான்...' என்று இழுத்தார்.

'தொட்டதே இல்லைங்க. குடிச்சா விடிய விடிய ஆட முடியுங்களா?'

'இதையும் நல்லாத்தான் நடிக்கிறீங்க' என்றார் தாய்மாமன்.

வேறு வழியில்லாமல் அதே செட்டில் தருமர் வேஷம் கட்டுகிறவரைக் கூட்டிவந்தார்கள். மனுஷர் காலையிலேயே ஒரு குவார்ட்டரை முடித்திருந்தார். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, 'இவருக்கு நான் பொறுப்பு' என்றார்.

தாய்மாமன் எழுந்து கும்பிட்டார். 'தருமராசாவே சொன்ன பிறகு என்ன இருக்கு?'

அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். தூணை விடத்தான் தருமருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.