ஒரு நாள் கூட்டம் போதுமா? ஊர் இளைஞர்களின் மனநலத்துக்கு மன்றம் என்ன செய்யலாம்

கேள்வி: எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். போன வருடம் எங்கள் இளைஞர் மன்றத்துப் பையன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவன். முதலாம் ஆண்டு நினைவு நாள் வருகிறது. அன்றைக்கு அவன் படம் போட்டு பேனர் வைத்து, நல்ல பேச்சாளரை அழைத்து தன்னம்பிக்கைக் கூட்டம் நடத்த நினைக்கிறோம். மன்றத்தில் 40,000 ரூபாய் இருக்கிறது. இதில் பலன் இருக்குமா? எங்களில் யாரும் கவுன்சிலிங் படித்தவர்கள் இல்லை. வேறு என்ன செய்யலாம்? இதிலெல்லாம் தலையிட்டால் போலீஸ், கேஸ் என்று வருமா?

பதில்: நண்பனை இழந்த ஒரு மன்றம் இப்படி யோசிப்பதே பெரிய விஷயம். உங்களுக்கு என் வணக்கம். ஆனால் அந்தக் கூட்டம் வேண்டாம். நினைவு நாளன்று, படம் போட்ட பேனரோடு, கட்டாயம் வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். மனம் நொந்து, யாரிடமும் சொல்லாமல் இருக்கிற இன்னொரு பையன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பான். உயிரோடு இருந்தபோது கண்டுகொள்ளாத ஊர், இறந்தவனுக்குப் பேனர் கட்டி அழுவதை அவன் பார்ப்பான். தற்கொலை ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்குத் தொற்றக்கூடியது, முக்கியமாக இளம் வயதில். அதனால்தான் எப்படி இறந்தான், எங்கே இறந்தான் என்று விவரிக்க வேண்டாம், படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சுற்ற விட வேண்டாம் என்கிறோம். நினைவு நாளன்று நாலைந்து பேர் அவன் வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவோடு இருந்துவிட்டு வாருங்கள். அவனோடு ஒரே பைக்கில் சுற்றிய நண்பன், தம்பி, தங்கை, முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவர் ஆகியோரைத் தனித்தனியே சந்தியுங்கள். ஊரில் இப்போது அதிகக் கவனம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

ஒரு நாள் கூட்டத்தைவிடத் தொடர்ந்து செய்யும் வேலைக்குப் பலன் உண்டு என்பது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. ஐரோப்பாவில் 10 நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி, கேள்வித்தாள் கொடுத்துச் சிக்கலில் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது, மாணவர்களே பேசி, நடித்துப் பழகும் வகுப்புகள் என்று மூன்று வழிகளை அதில் ஒப்பிட்டார்கள். மூன்றாவது வழியில்தான் ஓராண்டில் புதிய தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம்தான் அந்த வகுப்பு. பீகார் அரசுப் பள்ளிகளில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், பள்ளிக்கு ஒரு சாதாரணப் பயிற்சி பெற்ற ஆலோசகரை வைத்தபோது மாணவர்களின் மனச்சோர்வும் அடாவடியும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியர்களின் தலையில் சுமத்தியபோது பலன் இல்லை. கவனியுங்கள், அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. இதற்கென்று நேரம் ஒதுக்கிய, பயிற்சி பெற்ற ஆட்கள். உங்கள் ஊருக்கும் அப்படிச் சிலர்தான் வேண்டும்.

கிளை வாய்க்காலில் கரை கசிகிறதா என்று தினம் நடந்து பார்க்கிறவர் பொறியாளர் அல்ல. ஆனாலும் உடைப்பை முதலில் பார்ப்பது அவர்தான். அந்த மாதிரி ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகப் பேசுகிறவரைவிட, கேட்டதை வெளியே சொல்லாதவர் மேல். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். மகளிர் குழுவில் நிதானமான அக்கா ஒருவர், கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வரும் பெண் ஒருத்தி என்று. ஒரு பெண் பிள்ளை தன் காதல் பிரச்சினையை, வீட்டில் பேசும் கல்யாணப் பேச்சை மன்றத்து அண்ணன்களிடம் வந்து சொல்ல மாட்டாள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் பல மன்றங்கள் ஒரே தெருவின் மன்றங்கள். காலனிப் பையன் அந்தக் கட்டடத்தின் படியே ஏற மாட்டான். உங்கள் மன்றமும் அப்படியென்றால், இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்களைச் சேர்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பாதி ஊர் விட்டுப்போகும்.

பயிற்சிக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழுவைக் கேளுங்கள். இந்தத் திட்டம் 1996-97-ல் நாட்டில் முதன்முதலாக நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அதில் ஒன்று நம் திருச்சி. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட அந்தக் குழு, குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும். உங்கள் பக்கம் எந்தக் கிழமை, எந்த இடம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி கேட்டு மன்றத்தின் பெயரில் ஒரு மனு எழுதி, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் உரிய இடத்துக்குப் போய்விடும். கிராம சபையிலும் ஒரு தீர்மானம் போட்டுவையுங்கள்.

சரி, அந்த ஐந்தாறு பேர் என்ன பார்க்க வேண்டும்? இளம் வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டுமல்ல, எரிச்சலாகவும் வரும். தினம் வாலிபால் ஆட வந்தவன் இரண்டு வாரமாக வரவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு ஆன்லைனில் இருக்கிறான். நண்பர்களோடு குடித்தவன் தனியாகக் குடிக்கிறான். ஆசையாக வைத்திருந்த பொருளை ‘நீயே வச்சுக்கடா’ என்று கொடுக்கிறான். ஆன்லைன் ரம்மிக் கடனோ, வெளிநாடு போக ஏஜென்டிடம் கட்டிய பணம் போனதோ பின்னால் இருக்கலாம். ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்டாதீர்கள். முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் மாற்றம் தெரிந்தால் போய்ப் பேசுங்கள்.

பேசுவதற்கு மன்றக் கட்டடம் வேண்டாம். சாயங்காலம் மதகில் உட்கார்ந்திருக்கும்போதோ, பைக்கில் டவுனுக்குப் போய்வரும்போதோ பேசலாம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு தானாக வரும். “என்னடா, ரெண்டு வாரமா ஆளையே காணோம், தூக்கம் வருதா?” என்று தூக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். அவன் சொல்ல ஆரம்பித்ததும் நமக்கு வாய் துறுதுறுக்கும். ‘உன்னைவிடக் கஷ்டப்படுறவன் எத்தனை பேர்’, ‘அப்பா அம்மாவை நினைச்சுப் பார்’ என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் அவன் ‘சரிண்ணே’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவான். “அப்புறம்?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

கடைசியில் அந்தக் கேள்வியையும் நேராகக் கேட்க வேண்டும்: “இப்படி இருக்கிறதுக்குச் செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?” கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்தது போலாகிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆகாது, ஆராய்ந்து பார்த்து உறுதி செய்த விஷயம் இது. பல பேர் ‘யாராவது கேட்க மாட்டார்களா’ என்றுதான் இருப்பார்கள். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அன்றைக்கு அவனைத் தனியாக விடாதீர்கள். அங்கேயே 14416-க்குப் போன் போட்டு அவனையே பேசச் சொல்லுங்கள். மாநில, மத்திய அரசுகளின் இந்த இலவச மனநல எண் 2022 அக்டோபரிலிருந்து இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் சுகாதார உதவி எண்ணான 104-லும் ஆலோசனை உண்டு. தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் சென்னை சிநேகா அமைப்பின் எண் 044-24640050. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை தனக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகச் சொன்னால், போக்சோ சட்டப்படி போலீசிடம் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் உதவி கேட்கலாம். அதை ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கவே கூடாது.

அடுத்தது மருத்துவமனை. ‘டாக்டரைப் போய்ப் பாரு’ என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலும் போக மாட்டான். திருவாரூர் அல்லது தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதல் தடவை நீங்கள் கூடப் போங்கள். காலையிலேயே கிளம்ப வேண்டும், ஓ.பி. சீட்டு போட வேண்டும், மனநலப் பிரிவு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். கேட்கும்போது யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்ற கூச்சத்திலேயே பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் முன்னால் போய்க் கேட்டால் அந்தக் கூச்சம் பெரிதாகத் தெரியாது. மாத்திரை கொடுத்தால், அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது என்பதை டாக்டரிடமே அவன் காதுபடக் கேளுங்கள். வீட்டில் குணசீலம் கோயிலுக்குப் போகலாம், நாகூர் தர்காவுக்குப் போகலாம் என்றால் தடுக்க வேண்டாம். போகட்டும், மாத்திரையும் கையோடு போகட்டும். சங்கிலி, அடி, பட்டினி என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் விடாதீர்கள்.

இனி, ஊர் முழுக்கச் சேர்ந்து செய்ய வேண்டிய ஒன்று: பூச்சி மருந்து. நம் டெல்டாவில் இதைப் பேசாமல் தடுப்புப் பணி இல்லை. அந்த எண்ணத்தின் உச்சம் பல பேருக்குச் சில நிமிடங்கள், சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். காட்டுமன்னார்கோவில் பகுதியில் இரண்டு கிராமங்களில், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டகத்தில் வைக்கும் முறையைச் சிநேகா அமைப்பினர் சோதித்துப் பார்த்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள், பலனும் நம்பிக்கை தந்தது. இலங்கையில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பெரிய அளவில் பார்த்தபோது (2017) பலன் தெரியவில்லை. சாவி வீட்டிலேயே இருந்தால் பூட்டியும் பிரயோசனம் குறைவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மருந்து வீட்டை விட்டே வெளியே போக வேண்டும். கூட்டுறவுச் சங்கக் குடோனில் ஒரு பகுதி கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் வரை, குறுவைக்கும் சம்பாவுக்கும் சேர்த்து வாங்கி வைக்காமல் அன்றைக்குத் தெளிக்க வேண்டியதை அன்றைக்கே வாங்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். மருந்துக் கடைக்காரரிடமும் பேசுங்கள். பதற்றமாகத் தனியே வந்து கேட்கிற சின்னப் பையனுக்குக் கொடுக்காமல் அவன் வீட்டுக்குப் போன் போடச் சொல்லுங்கள்.

வருடத்தில் எந்த நேரத்தில் அதிகம் கண்வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். மே மாதத்தில் பிளஸ் டூ ரிசல்ட். ரிசல்ட் வரும் காலையில் உங்கள் ஆட்கள் யார் யார் எந்த வீடு என்று பிரித்துக்கொண்டு, தேறாத பிள்ளைகள் வீட்டுக்கு மத்தியானத்துக்குள் போய்விட வேண்டும். சில வாரங்களில் துணைத்தேர்வு, விண்ணப்பிக்கும் விதம் இது என்று கையில் எழுதிக்கொண்டு போங்கள். அப்பாவைத் தனியே கூப்பிட்டு, ‘இன்னைக்கு ஒரு நாள் எதுவும் சொல்லாதீங்க’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். புயலோ வெள்ளமோ வந்த வருடம் இன்னும் கவனம் தேவை. கஜா புயலில் தென்னை போன குடும்பங்களில், கல்லூரிப் பிள்ளைகளும் அந்தக் கடன் பயத்தைச் சுமந்தார்கள்.

40,000 ரூபாயைப் பஸ், ஆட்டோ செலவுக்கும், கூட வருகிறவரின் ஒரு நாள் கூலிக்கும், பயிற்சி நாள் சாப்பாட்டுக்கும் வையுங்கள். நிதானமாகச் செலவழித்தால் ஒரு வருடத்துக்கு மேல் வரும். உள்ளூர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் சம்மதித்தால், மாவட்ட மனநலக் குழுவின் உளவியலாளரை வைத்து 15, 20 பேர் கொண்ட சிறு குழுக்களாக நாலைந்து வாரம் வகுப்பு நடத்துங்கள். ‘மனநல முகாம்’ என்று போர்டு மட்டும் வைக்காதீர்கள், யாரும் வர மாட்டார்கள்.

கடைசியாக, போலீஸ். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுப்படி, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போகலாம், வாக்குமூலம் வாங்கவும் வரலாம். அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது. யாராவது விஷம் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் கொடுக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன சாப்பிட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, டப்பாவையும் எடுத்துப் போங்கள்.

பிழைத்து வீடு திரும்பிய பிறகும் வேலை இருக்கிறது. சென்னை உட்பட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதத்தில் 9 தடவை போனிலோ நேரிலோ தொடர்பு கொண்டார்கள். அவர்களில் பின்னர் தற்கொலையால் இறந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மிகவும் குறைவு. 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள்; அப்புறம் 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்துவைத்து, உங்களில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை இருக்கிறதா, அடுத்த ஓ.பி. என்றைக்கு என்று கேட்டுவிட்டு, அன்றைய ஆட்டத்துக்கு அவனையும் கூப்பிடுங்கள்.